காஞ்சிக்கு மின்சார ரயில்: நாம் கேட்க வேண்டியது யாது?

ஓர் ஊருக்கு ரயில் வருகிறது என்றால் அவ்வூரார் மகிழ்வது இயல்பே. ஆயினும், வந்த ரயில் நமக்கு உதவும் வேளையில் வருகிறதா, நாம் திரும்ப வேண்டிய வேளையில் திரும்புகிறதா என்னும் கேள்விகள் அந்த மகிழ்ச்சி தணிந்த பின்னரே எழுகின்றன. அக்கேள்விகள் எழும்போது கால அட்டவணை அச்சாகி முடிந்திருக்கும். பிறகு மனு எழுதுவோம்; கையொப்பம் வாங்குவோம்; "கூடுதல் ரயில் விடுக" என்று ஒரே வரியில் கேட்போம். அவ்வரிக்கு ஒரே வரியில் மறுமொழியும் வரும்.

இந்நிலை நம் சங்கங்களுக்கு ஏற்புடையதன்று. சென்னைப் புறநகர் மின்சார ரயில் செங்கற்பட்டையும் கடந்து வாலாஜாபாத், காஞ்சிபுரம், திருமால்பூர் வரை வந்து சேர்ந்திருக்கிறது. தறியை நம்பி வாழ்வோரும் நிலத்தை நம்பி வாழ்வோரும் நிறைந்த வட்டாரம் இது. இங்கு ரயில் சேவை பெருகினால் யாருக்கு நன்மை? பெருகாவிடில் யாருக்கு நட்டம்? பெருகுவதாயின் எவ்வாறு பெருக வேண்டும்? இவற்றை உறுப்பினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம். ஆதலால் இவ்விதழில் இப்பொருளைச் சற்று விரிவாக எடுத்துக்கொள்கிறோம்.

பழைய பாதையின் வரலாறு

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை ஓடியது. அதன்பின் ஒன்பதே ஆண்டுகளில், அதாவது 1865-ஆம் ஆண்டில், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு கிளைப் பாதை திறக்கப்பட்டது. அதனைப் போட்டது 'இந்தியன் டிராம்வே கம்பெனி' என்னும் நிறுவனம். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அடி அகலமே கொண்ட சிறு பாதை அது. பின்னர் அக்கம்பெனி தென்னிந்திய ரயில்வேயுடன் இணைந்தது. பாதை மீட்டர் அளவுக்கு மாற்றப்பட்டுச் செங்கற்பட்டு வரை நீண்டது. நம் காலத்தில் அதுவே அகலப் பாதையாயிற்று. மின் கம்பியும் ஏறியது.

ஆகவே காஞ்சிபுரம் ரயிலுக்குப் புதிய ஊரன்று. சென்னைக்குத் தென்புறம் இன்று பெருநகராய் விளங்கும் பல இடங்கள் வயலும் ஏரியுமாய் இருந்த காலத்திலேயே இங்கு இரும்புத் தடம் வந்துவிட்டது. அவ்வளவு முன்னதாக வந்த பாதை, அன்றாடம் சென்று திரும்புவோருக்கு ஏற்ற பாதையாக வளரவில்லை என்பதுதான் நாம் ஆராயத்தக்க செய்தி.

கூட்டுறவாளராகிய நமக்கு இப்பாதையோடு மற்றோர் உறவும் உண்டு. 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர் வட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவாயிற்று. காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்நாட்டுக் கூட்டுறவு வரலாற்றில் முதல் வரிசையில் எண்ணப்படும் இவ்விரு சங்கங்களும் இன்று சென்னையைச் சுற்றிவரும் ரயில் வட்டத்தை ஒட்டியே பிறந்தவை. கடனுக்கு வழி காணக் கூடிய மக்கள், பயணத்துக்கு வழி காணவும் கூடலாம் அன்றோ?

தாம்பரம் கற்பித்த பாடம்

அன்றாடப் பயணத்துக்கான ரயில் ஓர் ஊரை எவ்வாறு மாற்றும் என்பதை அறியத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளப் பாதை 1931-ஆம் ஆண்டில் மின்மயமாயிற்று. பம்பாயில் 1925-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கி ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் அது வந்துவிட்டது. மீட்டர் பாதையில் ஓடிய அச்சிறு வண்டிகள் மூன்று தலைமுறையினரை அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் ஆலைக்கும் கொண்டுசென்றன. 2004-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கடைசி மீட்டர் பாதை மின்வண்டி ஓடி ஓய்ந்து, அகலப் பாதை வண்டிகள் முழுமையாக அவ்விடத்தைக் கொண்டன.

அவ்வண்டிகள் ஓடிய எழுபது ஆண்டுகளில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகியவை தனி ஊர்கள் என்னும் நிலை மாறிப் பெருநகரின் பகுதிகளாயின. பணியாளர்கள் பெருகினர், பள்ளிகளும் மருத்துவமனைகளும் பெருகின. அது நன்மை. ஏரிப் பாசன வயல்கள் மனைகளாயின. மனையை விற்றவர் ஒருமுறை பணம் கண்டார்; வாங்கியவர் தலைமுறைதோறும் பயன் கண்டார். இது நாம் மறவாதிருக்க வேண்டிய பாடம்.

தாம்பரத்தை மாற்றியது ரயில் வந்தது என்ற ஒன்று மட்டுமன்று. அடிக்கடி வந்தது என்பதே அதனை மாற்றியது. நிலையத்துக்குப் போனால் சற்று நேரத்தில் வண்டி கிடைக்கும் என்ற உறுதியே பயணியை உருவாக்குகிறது. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டுமாயின், அறிவுடையோர் பேருந்தையே நாடுவர். காஞ்சிப் பாதையில் நேர்ந்திருப்பது இதுவே. செங்கற்பட்டு வரை வந்து திரும்பும் வண்டிகளோடு ஒப்பிட்டால், அதற்கு அப்பால் காஞ்சிபுரம் நோக்கி வருபவை மிகச் சில.

சுற்றுவழியும் ஒற்றைத் தடமும்

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது தொலைவு. சென்னையிலிருந்து சாலை வழியே காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். ரயிலோ நேரே வருவதில்லை. கடற்கரையிலிருந்து செங்கற்பட்டுக்கு 60 கிலோமீட்டர் தெற்கே இறங்கி, அங்கிருந்து வடமேற்கே திரும்பி, பாலூர், பழையசீவரம், வாலாஜாபாத், நத்தப்பேட்டை வழியாக மேலும் 36 கிலோமீட்டர் அளவு வர வேண்டும். அரக்கோணம் வழியாக வந்தாலும் ஏறத்தாழ அதே தொலைவுதான். காஞ்சிபுரம் இவ்வட்டத்தின் கோடியில் அமைந்திருக்கிறது. எவ்வழி வந்தாலும் சாலையைக் காட்டிலும் இருபது கிலோமீட்டருக்கு மேல் மிகுதி.

ஆயினும் தொலைவு தீராத குறையன்று. சாலையில் பூவிருந்தவல்லியையும் கோயம்பேட்டையும் கடப்பதற்கு ஆகும் நேரத்தை நாம் அறிவோம். மின்வண்டியின் சிறப்பு யாதெனில், அதன் மோட்டார்கள் பல பெட்டிகளில் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆதலால் நிலையத்தில் நின்றவுடன் விரைந்து கிளம்பும். கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டியதில்லை. ஓட்டுநர் மறுமுனைக்கு நடந்து சென்றால் போதும். அருகருகே நிலையங்கள் உள்ள பாதைக்கு இதனினும் ஏற்ற வண்டி இல்லை.

இரண்டாவது காரணமே முதன்மையானது. செங்கற்பட்டு–அரக்கோணம் பாதை ஒற்றைத் தடம் கொண்டதாகவே நெடுங்காலம் இயங்கிவந்திருக்கிறது. தறியில் அமர்வோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாடா வலமிருந்து இடம் போய்ச் சேர்ந்த பின்னரே இடமிருந்து வலம் வர முடியும். ஒரே வேளையில் இருபுறமிருந்தும் இரு நாடாக்களை எறிந்தால் பாவு அறும். ஒற்றைத் தடத்தில் ரயிலும் அப்படியே. எதிரெதிர் வரும் இரு வண்டிகள், பக்கத் தடம் உள்ள நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடக்கலாம். "கிராசிங்குக்காக வண்டி நிற்கிறது" என்று பயணிகள் சலித்துக்கொள்வது இதனையே.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கடக்கும் வசதியுள்ள இரு நிலையங்களுக்கு இடையே செல்ல 12 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டி போக 12 நிமிடம். எதிர்வண்டி வர 12 நிமிடம். இடையே வழி விடுவதற்கும் கைகாட்டி இறங்குவதற்கும் சில நிமிடங்கள். ஆக, ஒரு சோடி வண்டிகளுக்கு ஏறத்தாழ அரைமணி. மணிக்கு இரண்டு சோடிகளுக்கு மேல் அத்துண்டில் இடமில்லை. அந்த இரண்டு சோடிகளிலும் நம் மின்வண்டி மட்டுமா ஓடுகிறது? தொலைதூர வண்டிகளும் உண்டு. சரக்கு வண்டிகளும் உண்டு. வடக்கிலும் மேற்கிலும் இருந்து தெற்கே செல்லும் சரக்கு வண்டிகள் சென்னை நகருக்குள் நுழையாமல் அரக்கோணத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்ல உதவும் குறுக்குவழி இப்பாதையே. வாலாஜாபாத் நிலையத்திலிருந்து கார்கள் ரயிலேறி வடநாடு செல்வதையும் அவ்வூரார் நன்கறிவர். ஒரு தடத்தை இத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

ஆகவே "கூடுதல் ரயில் விடுக" என்று மட்டும் கேட்பது, கிணற்றில் நீர் எவ்வளவு என்று பாராமல் ஏற்றத்தை மட்டும் பெருக்கச் சொல்வதை ஒக்கும். இரட்டைத் தடம் வேண்டும் என்று கேட்க வேண்டும். அது வரும் வரையில், கடக்கும் வசதி இல்லாத நிலையங்களில் பக்கத் தடம் கேட்க வேண்டும். நீண்ட வண்டிகள் நிற்பதற்கு ஏற்ற நடைமேடை கேட்க வேண்டும். பன்னிரண்டு பெட்டி வண்டி வந்து, நடைமேடை ஒன்பது பெட்டிக்கே நீளுமாயின், முதியோரும் குழந்தையேந்திய தாய்மாரும் இறங்க இடரே.

ஒரு சிறு துண்டு பாதையில் நேர்ந்ததையும் இங்குக் குறிப்பிட வேண்டும். செங்கற்பட்டிலிருந்து தக்கோலம் வரை மின் கம்பி வந்த பின்னும், தக்கோலத்துக்கும் அரக்கோணத்துக்கும் இடைப்பட்ட பகுதி பல ஆண்டுகள் மின்மயமாகாமல் நின்றது. அரக்கோணத்தில் உள்ள கடற்படை விமான தளத்தின் ஓடுபாதைக்கு அண்மையில் ரயில் பாதை சென்றமையே அதற்குக் காரணம். பாதையை விலக்கி அமைத்த பின்னரே தடை நீங்கியது. 2019-ஆம் ஆண்டில், கடற்கரையில் புறப்பட்டுத் தாம்பரம், செங்கற்பட்டு, காஞ்சிபுரம், அரக்கோணம், திருவள்ளூர் வழியாகக் கடற்கரைக்கே திரும்பும் வட்ட ரயில் ஓடத் தொடங்கியது. இருநூறு கிலோமீட்டரை ஒட்டிய வட்டம் சில கிலோமீட்டர் துண்டால் அத்தனை ஆண்டு தடைப்பட்டது. பாவில் ஓர் இழை அறுந்தால் தறி முழுவதும் நிற்பதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. எந்த இழை அறுந்திருக்கிறது என்று கண்டு அதனைக் கேட்பதே அறிவுடைமை.

நெசவாளர் இல்லத்தில்

இனி, ரயில் வந்தால் தறிக்கு என்ன நேரும் என்பதை எண்ணிப் பார்ப்போம். இதனை மூடிமறைத்துப் பேசுவதில் பயனில்லை.

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாய், மூன்று நாடாக்களைக் கொண்டு, இரண்டையும் பிணைத்து நெய்யும் தொழில் அது. அதற்கு ஒருவர் போதாது. பக்கத்தில் ஓர் உதவியாள் வேண்டும். நெடுங்காலமாக அவ்வுதவியாள் வீட்டு மனிதரே: மனைவி, தம்பி, மகன், மகள். அவ்வுதவியாள் காலை ஆறு மணி வண்டியில் சென்னைக்கோ இடையில் உள்ள ஆலைகளுக்கோ பணிக்குச் சென்றுவிட்டால், கோர்வைத் தறியில் யார் அமர்வது?

இந்த அச்சம் பொய்யன்று. ஆனால் இதற்கு ரயிலைக் குறை கூறுவதும் முறையன்று. சிறீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் 1990-களின் இறுதி முதல் பெருகிய ஆலைகளுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் செல்லத் தொடங்கியது ரயிலால் அன்று. தெருமுனைக்கு வரும் கம்பெனிப் பேருந்தால். ரயில் இல்லாமையால் தறி காக்கப்படவில்லை. தறியில் கிடைக்கும் கூலி, ஆலையில் கிடைக்கும் சம்பளத்தோடு நிற்க முடியாமையால்தான் பிள்ளைகள் எழுந்து சென்றனர்.

வரலாற்றில் இதற்கு ஒரு சான்று உண்டு. சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை என்னும் பகுதி 1734-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே அமைக்கப்பட்ட பேட்டை. இன்று அங்குப் பறக்கும் ரயில் நிலையம் இருக்கிறது. தறியோசைக்குப் பேர்போன இடமாக அது இல்லை. ரயில் வந்து அத்தறிகளை ஓட்டவில்லை. அந்நிலையம் அமைவதற்கு நெடுங்காலம் முன்னரே, துணி வாங்கிய கம்பெனியின் வாணிபம் மாறியது, ஆலைத்துணி வந்தது, நகரம் சூழ்ந்தது. வாங்குவோர் கையை மட்டும் நம்பியிருந்த பேட்டை, அக்கை விலகியதும் கலைந்தது. தமக்கென விற்பனை அமைப்பும் சேமிப்பும் உடைய நெசவாளர் சமூகத்துக்கு அக்கதி வர வேண்டியதில்லை. 1935-ஆம் ஆண்டில் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதன் நோக்கமே இதுதான்.

ரயில் ஏற்றியதைச் சுமக்கும்; தானாக எதையும் தேர்வதில்லை. தறிக் கூலி காலத்தில் கிடைக்காத ஊரிலிருந்து அது நெசவாளரை ஏற்றிச் செல்லும். கூலி காலத்தில் கிடைத்து, சேலைக்கு நேர்மையான விலை கிடைக்கும் ஊருக்கு அது வாங்குவோரை ஏற்றி வரும். திருமண வீட்டார் காலை பத்து மணிக்கு வந்திறங்கி, சங்க விற்பனை நிலையத்தில் புவிசார் குறியீடு பெற்ற பட்டினை உரிய முத்திரையோடு வாங்கி, கோயில் தரிசனமும் முடித்து, மாலை ஆறு மணி வண்டியில் திரும்பக் கூடுமாயின், இடைத்தரகருக்கு அங்கு வேலை குறையும். அவ்வேளையில் வண்டி இல்லையெனில் அவர்கள் சென்னைப் பெருங்கடைகளிலேயே வாங்கிவிடுவர்.

மற்றொன்றும் உண்டு. ஒரு குடும்பத்தில் ஒருவர் மாதச் சம்பளத்துக்குச் சென்று மாலையில் வீடு திரும்பக் கூடுமாயின், அக்குடும்பம் ஊரை விட்டுப் பெயர வேண்டியதில்லை. பெயராத வீட்டில் தறி இருக்கும். சென்னையில் வாடகைக்கு வீடெடுத்துக் குடியேறியவர் வீட்டில் தறிக்குழிக்கு இடம் ஏது? அன்றாடம் திரும்பி வரச் செய்யும் ரயில், நிரந்தரமாகப் போகச் செய்யும் வறுமையைக் காட்டிலும் தறிக்கு நட்பானது. ஆனால் மாலையில் திரும்புவதற்கு வண்டி இருந்தால்தான் இது உண்மையாகும். காலையில் கொண்டுபோய் விட்டு, இரவில் செங்கற்பட்டோடு நின்றுவிடும் சேவை, பாதி நெய்து அறுத்த சேலைக்கு ஒப்பாகும்.

நிலமுடையோர் கருத்துக்கு

பாலாற்றங்கரை ஊர்களில் நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் காய்கறியும் விளைவிப்போருக்கு இப்பாதை இரு வகையில் பொருளுடையது.

ஒன்று, விளைபொருள். கீரையும் பூவும் காயும் விடியலில் சந்தையை அடைய வேண்டியவை. சென்னைப் புறநகர் வண்டிகளில் சுமையோடு செல்லும் வியாபாரிகளுக்கெனத் தனிப் பகுதி ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் கூடை ஏற்றுவோருக்கு வேண்டியது அதிகாலை வண்டி. எட்டு மணிக்குப் புறப்படும் வண்டி அலுவலருக்கு உதவலாம். வாடிய கீரைக்கு உதவாது. வாலாஜாபாத்திலிருந்து விடியற்காலையில் ஒரு வண்டி கிடைத்தால், சிறு விவசாயி தன் கூடையைத் தானே தாம்பரத்துக்கோ சைதாப்பேட்டைக்கோ கொண்டுசெல்லலாம். பெரும் பாரத்துக்கு லாரியே ஏற்றது. அதை நாம் மறுக்கவில்லை. லாரிக்கு ஒப்பந்தம் பேசும் அளவுக்கு விளைவில்லாதவருக்கே ரயில் துணை.

மற்றொன்று, நிலம். சேவை பெருகும் என்ற செய்தி பரவுமுன்னரே நிலையத்தைச் சுற்றிய வயல்களில் கல் நடப்படுவதை நாம் பிற இடங்களில் கண்டிருக்கிறோம். பயன் இன்னும் வராதபோதே விலை ஏறியதாகக் காட்டுவர்; பயன் வந்தபின் கிடைக்கும் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகையாய் இருக்கும். கடன் நெருக்கடியில் இருப்பவரே முதலில் விற்கிறார். விற்காதே என்று அறிவுரை கூறுவது எளிது. அந்நெருக்கடி வேளையில் பயிர்க்கடன் தந்து தாங்குவது சங்கத்தின் கடமை. ஏரியும் கால்வாயும் மனைகளுக்கு இடையே சிக்கிவிடாமல் காப்பதும் ஒருவரால் ஆகும் செயலன்று. மேல்மடை வயல் மனையானால் கீழ்மடை வயலுக்கு நீர் வாராது. இவ்விஷயத்தில் ஊர் கூடியே முடிவு செய்ய வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, கணக்கெடுத்தல். நம் உறுப்பினர் குடும்பங்களில் சென்னைக்கும் இடையூர்களுக்கும் அன்றாடம் செல்வோர் எத்தனை பேர், எந்நேரம் புறப்படுகின்றனர், எந்நேரம் திரும்புகின்றனர், எவ்வழியில் செல்கின்றனர் என்பவற்றை ஒவ்வொரு சங்கமும் ஒரு தாளில் எழுதிச் சேர்த்தால் போதும். "மிகப் பலர் பயன்பெறுவர்" என்ற சொல்லைக் காட்டிலும், இத்தனை பேர் இந்நேரத்துக்கு என்னும் பட்டியல் ஆயிரம் மடங்கு வலிவுடையது. கால அட்டவணை ஆண்டுக்கு ஒருமுறையே பெரிதும் திருத்தப்படுகிறது. அதற்குப் பல மாதங்கள் முன்னதாக இப்பட்டியல் சென்று சேர வேண்டும்.

இரண்டாவது, பயணச்சீட்டு. ஒரு நிலையத்துக்கு ஆதரவு உண்டா இல்லையா என்பதற்கு ரயில்வே காணும் முதல் சான்று அந்நிலையத்தில் விற்ற சீட்டே. சீட்டின்றி ஏறுவோர் அபராதத்துக்கு ஆளாவது மட்டுமன்றித் தம் ஊரின் சான்றையும் அழிக்கின்றனர். சீசன் டிக்கெட்டின் மலிவைப் பலர் அறியார். மாதம் 25 நாள் சென்று திரும்புவோர் 50 முறை பயணம் செய்கின்றனர்; இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலையோ ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணத்தை ஒட்டியதே. மூன்று மாதச் சீட்டு இன்னும் மலிவு. மாதத் தொடக்கத்தில் அத்தொகையை ஒருசேரக் கொடுக்க இயலாதவருக்குச் சிக்கனச் சங்கம் சிறு முன்பணம் தந்து தவணையில் பெறலாம். கடன் சிறிது, பயன் பெரிது, திரும்பி வருவதும் உறுதி.

மூன்றாவது, பிரதிநிதித்துவம். தென்னக ரயில்வேயின் ஒவ்வொரு கோட்டத்திலும் பயணிகள், வணிகர், விவசாயிகள் ஆகியோரின் அமைப்புகளிலிருந்து உறுப்பினர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு உண்டு. நெசவாளர் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் தனித்தனியே மனு எழுதுவதை விட்டு, ஒருமித்து ஒருவரை முன்மொழிந்து அக்குழுவில் இடம்பெற முயல வேண்டும். அங்கு அமர்பவர் பாதையின் இயல்பை அறிந்தவராய் இருத்தல் வேண்டும்.

நான்காவது, நிலையத்திலிருந்து வீடு வரை உள்ள வழி. ரயில் நின்ற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் ரயில் கட்டணத்தைப் போல் பன்மடங்கானால், மலிவான ரயிலால் யாது பயன்? வண்டி நேரத்தோடு பொருந்தும் சிறு பேருந்து, மிதிவண்டிக் கொட்டகை, இரவு வண்டியில் இறங்கும் பெண்களுக்காகத் தெருவிளக்கு ஆகியவை ரயில்வேயின் கையில் இல்லை. மாநகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் ஊராட்சியிடமும் கேட்டுப் பெறத்தக்கவை இவை. இங்கு நம் வாக்கும் குரலும் விரைந்து பயன் தரும்.

ஐந்தாவது, விற்பனை. 'ஒரு நிலையம் ஒரு பொருள்' என்னும் திட்டம் 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டபோது, சென்னை சென்ட்ரல் நிலையத்தில் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது காஞ்சிபுரம் பட்டு. இத்தகைய இடங்கள் தனி வியாபாரி கைக்குப் போகுமுன் சங்கங்கள் கேட்டுப் பெற வேண்டும். காஞ்சிபுரத்தின் நிலையங்களிலேயே சங்க விற்பனை நிலையத்துக்கு வழிகாட்டும் பலகை ஒன்று இருந்தால், வரும் விருந்தினர் வழியில் மடக்கப்பட்டு வேறு கடைக்கு இழுக்கப்படுவதும் குறையும்.

முடிவாக

நாம் கேட்க வேண்டியதைச் சுருக்கிச் சொல்வோம். எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் வேளையைக் கேட்போம்: விடியலில் ஒன்று, பணிக்குச் செல்லும் நேரத்தில் ஒன்று, வாங்குவோர் வந்து திரும்ப ஒரு சோடி, இரவில் கடைசியாக வீடு திரும்ப ஒன்று. இவை நாள் தவறாமல் ஓட வேண்டும். இவற்றுக்கு இடம் தரும் வகையில் பக்கத் தடமும், பின்னர் இரட்டைத் தடமும் வேண்டும். நிலையத்திலிருந்து தெருவுக்கு வழி வேண்டும்.

இவற்றுள் பல ரயில்வேயின் கையில் உள்ளவை. தறிக் கூலியைக் காலத்தில் தருவதும், நெருக்கடியில் நிலத்தை விற்காமல் தாங்குவதும், சங்கத்தின் முத்திரைக்கு மதிப்புத் தேடுவதும் நம் கையில் உள்ளவை. முன்னதை மட்டும் பெற்றுப் பின்னதை விட்டோமாயின், அடிக்கடி வரும் ரயில் நம்மை அடிக்கடி ஏற்றிச் செல்லும், அவ்வளவே. இரண்டையும் ஒருங்கே செய்தோமாயின், 1904-இல் கடனுக்காகக் கூடிய ஊர், தன் பிள்ளைகள் போய்வரவும் தன் பொருள் போய்ச்சேரவும் தானே வழி வகுத்த ஊராகும்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் "ரயில் பயணிகள் கணக்கெடுப்பு" என்று ஒரு வரி சேர்க்குமாறு இப்பாதையை ஒட்டிய சங்கங்களின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும் செலவு. தொடங்குவதற்கு அதுவே போதும்.